டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது?

புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போதே நமுனுகுல கடைகளில் டின்கள் முன்தட்டுக்கு வந்துவிடுகின்றன. ஞாபகசக்திக்கு ஒரு டின், உயரத்துக்கு ஒரு டின், பசி எடுக்க ஒரு பொடி, மூளைக்கென்று ஒரு கப்சூல் போத்தல். கடைக்குப் போகாதவர்களைத் தேடி லயத்துக்கே ஆள் வருகிறது. வாசிகசாலையில் கதிரை போட்டு, கழுத்தில் டை கட்டி, பளபளக்கும் தாளில் அச்சடித்த சான்றிதழைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இது மருந்தில்ல, வெறும் சத்துதான்" என்கிறார்கள். நாங்களும் தலையாட்டுகிறோம். சீட்டுக்காசை உடைத்து வாங்கிக்கொண்டு வருகிறோம்.

அம்மாமாரே, அப்பாமாரே, கோபித்துக்கொண்டாலும் சரி, கேட்கிறதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நீங்கள் எப்படி நிற்கிறீர்கள்? கண் தராசை விட்டு நகராது. ஈரக்கொழுந்து என்று சொல்லி இரண்டு கிலோ கழித்தால் விடுவீர்களா? சாக்குக்கு எவ்வளவு, தண்ணிக்கு எவ்வளவு என்று கணக்குப்பிள்ளை பதில் சொல்லும்வரை இடத்தை விட்டு அசையமாட்டீர்கள். அரைக் கிலோவுக்கு அத்தனை கேள்வி கேட்கிற நீங்கள், உழைத்த பல நாள் கூலியை ஒரு டின்னில் கொட்டும்போது வாயைத் திறப்பதில்லை. 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆவதற்கு எத்தனை வருசம் கத்தினோம்! அந்தக் காசு போகிற பாதையை ஒருதரம் நின்று பாருங்கள்.

பொடிக்காரர் காட்டுகிற படத்தில் எப்போதும் ஒரு பையன் இருப்பான். "நாலு மாசத்துல ரெண்டு சென்டிமீற்றர் வளர்ந்துட்டான்" என்பார். ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் பிள்ளை வருசத்துக்கு ஐந்தாறு சென்டிமீற்றர் தன்பாட்டில் வளரும். நாலு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டு சென்டிமீற்றர். வளர்ந்தது பிள்ளை, பெயர் வாங்கியது டின். பக்கத்து வீட்டில் டின் குடிக்காத பையனும் அதே அளவு வளர்ந்திருப்பான். அவனை யார் படம் எடுத்தார்கள்?

ஊட்டச்சத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்தப் பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்து அளக்கிறார்கள். ஒரே வயதுப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதிக்குச் சத்து, மறு பாதிக்கு அதே நிறம், அதே ருசியில் சத்து சேராத ஒன்று. எது எவருக்குப் போனது என்று குடிக்கிற பிள்ளைக்கும் தெரியாது, அளக்கிறவருக்கும் தெரியாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு விடுதிப் பள்ளியில் நுண்சத்து சேர்த்த பானத்தை இந்த முறையில் பல மாதம் கொடுத்துப் பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டது. கவனம் சற்றுக் கூடியது. அறிவுத்திறன், ஞாபகம், பாடத்தில் எடுத்த புள்ளி எதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. புலமைப்பரிசிலுக்கென்று நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த ஞாபகத்தைத்தானே?

மூளைக் கப்சூலின் கதை இன்னும் சுவையானது. மீனெண்ணெயில் இருக்கிற டி.எச்.ஏ. என்ற கொழுப்பைப் பற்றி ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழு முதல் ஒன்பது வயது வரையான 362 பிள்ளைகள், நாளுக்கு 600 மில்லிகிராம், 16 கிழமை. மொத்தப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் வாசிப்பில் பயன் தெரியவில்லை. வாசிப்பில் மிகவும் பின்தங்கிய பிள்ளைகளிடம் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. விளம்பரக்காரர்களுக்கு அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது. அதே குழு அப்படிப் பின்தங்கிய 376 பிள்ளைகளை வைத்து மறுபடி செய்து 2018இல் வெளியிட்டபோது அந்தக் கொஞ்சமும் காணாமல் போயிருந்தது. முதல் ஆய்வின் செய்தி டின்னின் முன்பக்கத்துக்கு வருகிறது, இரண்டாவது எங்கேயும் வருவதில்லை. இன்னொன்றும் பாருங்கள். "டி.எச்.ஏ. உள்ளது" என்று கொட்டை எழுத்தில் போட்ட டின்னைத் திருப்பி, ஒரு கப்புக்கு எத்தனை மில்லிகிராம் என்று தேடுங்கள். 600க்குக் கிட்டவாவது நிற்கிறதா? அந்தக் கொழுப்பு மீனில் இருக்கிறது. டின்மீன் கறியிலும் இருக்கிறது.

உயரமாக, பலமாக, கூர்மையாக ஆக்கும் என்று ஹோர்லிக்ஸ் விளம்பரம் சொன்னது எங்கள் எல்லோருக்கும் பாடம். அந்த விளம்பரம் 2008இல் பிரித்தானியாவில் ஒரு தொலைக்காட்சியில் ஓடிவிட்டது. அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் ஆதாரம் போதாது என்று தடை போட்டது. நிறுவனம் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? இது பங்களாதேசத்துக்காகச் செய்த விளம்பரம், தவறுதலாக இங்கே ஓடிவிட்டது என்பதுதான். அங்கே சொன்னால் பிழையாகிற வார்த்தை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் பிழை இல்லையாம். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் உங்களுக்கும் வர வேண்டும். இந்தியாவில் 2024 ஏப்ரலில், இணையக் கடைகள் போர்ன்விட்டா போன்றவற்றை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவில் போட்டு விற்கக் கூடாது என்று வர்த்தக அமைச்சு சொன்னது. அப்படி ஒரு வகையே அவர்களுடைய உணவுச் சட்டத்தில் கிடையாது. அந்தப் பொடியில் 100 கிராமுக்குச் சேர்த்த சீனி மட்டும் 32 கிராமுக்கு மேல். அதுவும் ஊர் முழுக்கச் சத்தம் போட்ட பிறகு குறைத்த அளவு.

இதுவரை பேசியது, சொன்ன சத்து உள்ளே இருந்தால் அது வேலை செய்யுமா என்பதைப் பற்றி. சொன்னது உள்ளே இருக்கிறதா என்பது வேறு கதை. அதற்குத்தான் ஆய்வுகூடம்.

லேபலில் புரதம் இத்தனை கிராம் என்று எழுதுகிறார்களே, அது எப்படி வருகிறது? வழக்கமான சோதனையில் புரதத்தை நேரே அளப்பதில்லை. புரதத்தில் நைதரசன் இருக்கிறது. பொருளில் உள்ள நைதரசனை அளந்து, 6.25ஆல் பெருக்கி, இவ்வளவு புரதம் என்று எழுதுவார்கள். நைதரசன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. தண்ணி தெளித்த கொழுந்தைத் தராசு கூட்டிக் காட்டுமே, அதே கூத்து. சீனாவில் சிலர் பாலில் தண்ணீரைக் கலந்துவிட்டு, புரதக் கணக்கைக் கூட்டிக் காட்ட மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழிலுக்கான இரசாயனத்தைப் போட்டார்கள். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். சோதனையில் புரதம் நிறைவாகத் தெரிந்தது. 2008இல் அது வெளியே வந்தபோது ஏறக்குறைய மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள், ஆறு குழந்தைகள் செத்துப் போனார்கள். சிறுநீரகத்தில் கல். மெலமைனைத் தேடாத சோதனைக்கு மெலமைன் கிடைக்காது. "லேப்ல செக் பண்ணினது" என்று ஒருவர் சொன்னால், எதைத் தேடிச் செக் பண்ணினது என்று கேட்க வேண்டியது அதனால்தான்.

கேரளத்தில் ஈரல் நோய் வைத்தியர் சிரியக் அபி பிலிப்ஸும் கூட இருந்தவர்களும் இந்தியச் சந்தையில் விற்கிற 36 புரதப் பொடிகளை வாங்கிச் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். 25 பொடிகளில் லேபலில் போட்ட புரத அளவு பிழை. சிலவற்றில் சொன்னதில் பாதி கூட இல்லை. சிலவற்றில் அஃப்லாடொக்சின் இருந்தது. ஈரம் பட்ட சோளத்திலும் நிலக்கடலையிலும் பூஞ்சணம் பிடிக்கும்போது உண்டாகிற நஞ்சு அது. கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது, நெடுநாள் உள்ளே போனால் ஈரலைக் கெடுக்கும்.

சொல்லாதது உள்ளே இருப்பது இதைவிடப் பயங்கரம். மூட்டு வலிக்கான சத்து என்று விற்ற ஆர்ட்ரி கிங் என்ற குளிசையில் டெக்சாமெதசோன், டைக்ளோபெனக் என்ற இரண்டு மருந்துகள் ஒளிந்திருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. டெக்சாமெதசோன் ஸ்டீரொயிட். அதைத் தின்றால் பசி எடுக்கும், முகம் உப்பும், ஆள் கொழுத்தமாதிரித் தெரியும். பசி எடுக்கிற பொடி கொடுத்து இரண்டு கிழமையில் பிள்ளையின் கன்னம் குண்டாகிவிட்டது என்று சந்தோசப்படுகிற தாய்மாரே, அந்தக் கன்னத்தை முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். பொடியையும் கூடவே கொண்டுபோங்கள். பொடியைத் திடீரென்று நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். ஸ்டீரொயிட் உள்ளே இருந்திருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

அந்தப் பளபளப்புச் சான்றிதழுக்கு வருவோம். பெரும்பாலும் அதில் இருப்பது ஐ.எஸ்.ஓ. 22000 அல்லது ஜி.எம்.பி. என்ற எழுத்துகள். தொழிற்சாலை சுத்தமாக, முறையாக நடக்கிறது என்பதற்கான தாள் அது. பிள்ளை உயரும் என்று அதில் ஒரு வரி கிடையாது. உங்கள் கையில் இருக்கிற டின்னில் என்ன இருக்கிறது என்பதும் அதில் கிடையாது. கேட்க வேண்டியது சோதனை அறிக்கை. அதில் எந்த ஆய்வுகூடம், எந்தத் திகதி, எந்தத் தொகுதி இலக்கம், எதை எந்த முறையில் தேடினார்கள் என்று இருக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு ஆய்வுகூடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் இருக்க வேண்டும். அறிக்கையில் உள்ள தொகுதி இலக்கமும் டின்னின் அடியில் அடித்திருக்கிற இலக்கமும் ஒன்றா என்று பார்க்க அதிகம் படித்திருக்கத் தேவையில்லை.

ஒரு அறிக்கை வந்துவிட்டால் விசயம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2013 ஓகஸ்டை யோசித்துப் பாருங்கள். நியூசிலாந்தின் பொன்டெரா நிறுவனத்தின் பால்மாவில் டி.சி.டி. என்ற இரசாயனம் இருப்பதாகக் கொழும்பில் உள்ள கைத்தொழில் தொழினுட்ப நிறுவகத்தின் சோதனை சொன்னது, சுகாதார அமைச்சு சில தொகுதிகளைத் திரும்பப் பெறச் சொன்னது, நிறுவனம் அந்தச் சோதனையையே ஏற்கவில்லை. அதே மாதம் அதே நிறுவனத்தின் மோர்ப் புரதத்தில் உயிரைக் கொல்லும் பொட்டுலினம் கிருமி இருப்பதாக உலகமெல்லாம் பதறியது. மாத முடிவில் கூடுதல் சோதனைகள் செய்து பார்த்தால், அது அந்தக் கிருமியின் சாயலில் இருக்கிற, ஆனால் நஞ்சு சுரக்காத வேறொன்று. பெரிய பெரிய ஆய்வுகூடங்களே ஒன்றையொன்று சரிபார்த்துத்தான் முடிவுக்கு வருகின்றன. எங்கள் வாசிகசாலையில் மட்டும் ஒரு தாளைத் தூரத்தில் ஆட்டிக் காட்டினால் முடிவு வந்துவிடுகிறது.

கேகாலையில் 2020 டிசெம்பரில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? தம்மிக்க பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி கொரோனாவைத் தீர்க்கும் என்றார். கூட்டம் கூடத் தடை இருந்த காலத்திலும் ஆயிரக்கணக்கில் சனம் நெருக்கியடித்து நின்றது. சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்குக் கொரோனா. அந்தப் பாணிக்குக் கிடைத்த அனுமதி உணவுக்குத் துணையான பொருள் என்ற வகையில் கிடைத்தது, சனம் குடித்தது மருந்தென்று நம்பி. "மருந்தில்ல, சத்துதான்" என்கிற வசனம் ஏன் விற்பவருக்கு அவ்வளவு பிடிக்கிறது என்று இப்போது விளங்குகிறதா? மருந்துக்கும் உணவுக்கும் நடுவில் நிற்கிற பொருட்களையும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. நோயைத் தீர்க்கும் என்று பேசுகிற பொடிக்குப் பதிவு இலக்கம் எங்கே என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மறுகிழமை அந்த ஆள் வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார்.

இனி, உங்களுக்குப் பிடிக்காத பேச்சு. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் சும்மா தருகிற திரிபோசாவை என்ன செய்கிறீர்கள்? 1973இலிருந்து இந்த நாட்டில் கொடுக்கிற சாமான் அது. சோளம், சோயா, அதோடு விட்டமின்களும் தாதுக்களும். எடை குறைந்த பிள்ளைக்கென்று தந்தால், சீனி போட்டு உருண்டை பிடித்து வீட்டில் எல்லோரும் ஆளுக்கொன்று. கேட்டால், "அது சும்மா குடுக்குறதுதானே". சும்மா கிடைப்பதில் சத்து இருக்காது, காசு கொடுத்து வாங்குவதில்தான் சத்து இருக்கும் என்று யார் உங்களுக்குச் சொல்லித் தந்தது?

2022இல் திரிபோசாவில் அளவுக்கு மேல் அஃப்லாடொக்சின் இருப்பதாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் சங்கத் தலைவர் சொன்னார், சுகாதார அமைச்சு மறுத்தது. அந்தச் செய்தியைக் கேட்டுப் பலர் பக்கெட்டைத் தூக்கி எறிந்தார்கள். பயந்ததில் பிழை இல்லை, பிள்ளை விசயம். ஆனால் திரிபோசா சோளத்தைப் பற்றி நாடே பேசியது, அளவைக் கேட்டது, சண்டை பிடித்தது. நீங்கள் அதற்குப் பதிலாக வாங்கிய டின்னைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்றால், அதில் நஞ்சு இல்லை என்று அர்த்தமா, ஒருவரும் பார்க்கவில்லை என்று அர்த்தமா?

தோட்டத்துப் பிள்ளைகள் குட்டையாக இருப்பது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டத்தில் 32 வீதம். இது தாயின் சோம்பல் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு மலையேறிக் கொழுந்தெடுத்தது, குறைந்த சம்பளம், ஒரு காம்பராவில் அடுப்பும் படுக்கையும், வயிற்றோட்டம், பூச்சி எல்லாம் சேர்ந்து செய்த வேலை. அதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர்கள் வேறு. ஆனால் அந்தக் குறை பெரும்பாலும் விழுவது வயிற்றில் இருக்கும்போதும் முதல் இரண்டு வயதுக்குள்ளும். பதினைந்து வயதுப் பையனுக்கு உயரப் பொடி வாங்குகிற காசு, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற மருமகளின் சோற்றுக்கோப்பைக்குப் போயிருக்க வேண்டும்.

சில பிள்ளைகளுக்குச் சத்துக் குளிசை உண்மையாகவே வேண்டும். இரத்தசோகை உள்ள பிள்ளைக்கு இரும்புச்சத்து வேண்டும். அது வேண்டுமா என்று சொல்வது விரல் நுனியில் எடுக்கிற ஒரு சொட்டு இரத்தம், பொடிக்காரரின் கண் இல்லை. பசறை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பதுளை பெரியாஸ்பத்திரியிலோ பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் தருகிற இரும்புக் குளிசையை "கறுப்பாப் போகுது" என்று துப்பச் சொல்லிவிட்டு, வீட்டில் இரும்பு சேர்த்த டின் கலக்கிக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. சும்மா வந்ததையும் காசுக்கு வாங்கியதையும் இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கொடுக்கிற வீடுகளும் இருக்கின்றன. விட்டமின் ஏயும் டியும் மிஞ்சினால் உடம்பில் தேங்கும். இரும்புக் குளிசையைச் சின்னப் பிள்ளை மிட்டாய் என்று ஒரு பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குளிசைப் போத்தலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இரும்பு என்று சொன்னதும் காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ரொட்டி, கட்டச்சம்பல், கூடவே ஒரு கோப்பை சாயத்தண்ணி. பருப்பிலும் கீரையிலும் கோதுமை மாவிலும் உள்ள இரும்பைத் தேயிலையில் இருக்கிற பொருட்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அந்த இரும்பில் பாதிக்கு மேல் உடம்பில் சேராமல் போவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற மலையில், நாங்கள் பறித்த இலையே எங்கள் பிள்ளையின் இரத்தத்துக்குள் இரும்பை விடாமல் நிற்கிறது! தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள். சாப்பாட்டோடு ஒரு கொய்யாவோ தேசிக்காய்ப் புளியோ இருந்தால் இரும்பு கூடச் சேரும். இதற்கு யாரும் டின் விற்க வரமாட்டார்கள், விற்க ஒன்றும் இல்லை.

புரதக் கணக்கும் அப்படித்தான். பத்து வயதில் 25 கிலோ உள்ள பிள்ளைக்கு நாளுக்கு 23 கிராம் அளவு புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம். மைசூர்ப் பருப்பு 100 கிராமில் 24 கிராம். நெத்தலிக் கருவாடு, கடலை, கௌபி, பயறு, சோயாமீட் எல்லாம் நமுனுகுல கடையிலேயே இருக்கின்றன. டின் விலையை எழுதி, அதன் பக்கத்தில் அந்தக் காசுக்கு எத்தனை முட்டை, எத்தனை கிலோ பருப்பு என்று பிள்ளையின் கணக்குக் கொப்பியிலேயே எழுதிப் பாருங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கும் நல்ல பயிற்சி.

அடுத்த முறை வாசிகசாலையில் கதிரை போடுகிறவரிடம் அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், தூரத்தில் காட்டியது போதாது. தரமாட்டேன் என்றால் எழுந்து வாருங்கள், பக்கத்தில் இருக்கிற அக்காவையும் எழுப்பிக்கொண்டு வாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் டின்னையும் மூடியையும் அடியில் உள்ள இலக்கத்தையும் பத்திரமாக வையுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொன்னால், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. பொய்யான விளம்பரம் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பற்றுச்சீட்டு கேட்பார்கள். தராமல் விற்றிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.